கொடை மேடையில் லினக்ஸ் பெட்டி: வில்லுப்பாட்டுக் குழு ஒன்றின் அனுபவம்

பின்னணி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. அந்த வெள்ளத்தில் பாளையங்கோட்டைக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் இருக்கும் வில்லுப்பாட்டுக் குழுவின் ஆர்மோனியப் பெட்டி இரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. வில்லும் குடமும் பரண் மேல் இருந்ததால் தப்பின. பெட்டி மட்டும் தரையில் இருந்தது.

குழுவின் தலைமைப் பாடகரான அண்ணாவிக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. பெட்டிக்காரருக்கும் ஏறக்குறைய அதே வயது. இருவரும் முப்பது வருடமாகச் சேர்ந்து கோயில் கொடை விழாக்களுக்குப் பாடப் போகிறார்கள். பெட்டி வாசிப்பவரின் மகன் என் கடைக்கு வந்து போகும் பையன். நான் பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் இசை மென்பொருள் ஓட்டிப் பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். அப்படித்தான் இந்த வேலை என்னிடம் வந்தது.

பெட்டியை ரிப்பேர்காரர் ஒருவரிடம் காட்டியிருந்தார்கள். பலகை வளைந்துவிட்டது, துருத்தித் தோல் விறைத்துவிட்டது, இனி காற்று நிற்காது என்று அவர் சொல்லிவிட்டார். புதுப் பெட்டி வாங்கக் கையில் காசு இல்லை. இரவல் பெட்டியில் இரண்டு கொடை ஓட்டினார்கள். அண்ணாவிக்கு அந்தச் சத்தம் ஒத்து வரவில்லை. மகன் ஒரு பழைய 49 கட்டை யுஎஸ்பி மிடி கீபோர்டை (எந்தக் கட்டை அமுங்கியது என்ற செய்தியைக் கம்ப்யூட்டருக்கு அனுப்புவது) வாங்கி வந்து, என் கடையில் இருந்த லேப்டாப்பில் ரீட் ஆர்கன் சத்தத்தைப் போட்டுக் காட்டினான். அண்ணாவி ஒரு நிமிடம் கேட்டார். "இது வாயில வச்சு ஊதுத மவுத்தார்கன் மாதிரில்லா இருக்கு தம்பி" என்றார்.

அவர் சொன்னது சரிதான். மின் இசைக்கருவிகளுக்கான பொதுச் சத்தப் பட்டியலான ஜெனரல் மிடி வரிசையில் 21-ஆவதாக வரும் ரீட் ஆர்கன் நம் ஊர்ப் பெட்டியை மனதில் வைத்துச் செய்த சத்தம் இல்லை.

பெட்டியின் குரலைப் பதிந்தது

அந்தப் பெட்டியில் வாசிக்க முடியாது. ஆனால் ஒரு ரீடை (காற்றில் அதிர்ந்து சுரம் தரும் பித்தளை நாக்கை) மட்டும் ஊதவைக்க முடியும் என்பது அதைத் திறந்து பார்த்தபோது தெரிந்தது. மூன்று சுரம் சேர்த்துப் பிடித்தால் காற்று போதாது. ஒரு சுரத்தைப் பிடித்து வேகமாகத் துருத்தி போட்டால் ஆறேழு நொடி நிற்கும். சைக்கிள் டியூபை வெட்டி விரிசல்களில் ஒட்டினோம். பித்தளை ரீடுகளில் பச்சையாகப் படிந்திருந்த களிம்பைப் பெட்டிக்காரர் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். அதற்கே அவருக்கு ஒரு நாள் ஆனது.

2024 மாசியில், நள்ளிரவுக்கு மேல், பஸ் சத்தமும் போர் மோட்டார் சத்தமும் அடங்கிய பிறகு பதிவு செய்தோம். மகன் துருத்தி போட, பெட்டிக்காரர் கட்டையைப் பிடிப்பார். 42 ரீடுகளில் 36 ஒழுங்காகப் பேசின. கீழ் ஸ்தாயியில் ஆறு பேசவில்லை. அவற்றுக்குப் பக்கத்துச் சுரத்தையே இழுத்து நிரப்பினேன். மூன்று ரீடுகள் சுருதியிலிருந்து நன்றாக விலகியிருந்தன. அவற்றை மட்டும் சரிசெய்தேன். மற்றவற்றில் இருந்த சின்னச் சின்ன விலகல்களைத் தொடவில்லை. அண்ணாவி முப்பது வருடமாக அந்த விலகல்களோடுதான் பாடியிருக்கிறார்.

வெட்டிய ஒலித்துண்டுகளை பாலிஃபோன் என்ற மென்பொருளில் சேர்த்து, ஒரு கருவியின் எல்லாச் சுரங்களும் அடங்கிய சவுண்ட்ஃபான்ட் கோப்பாக்கினேன். மொத்தம் சுமார் 20 எம்பிதான். ஒரு தப்பையும் பதிந்து வைக்கிறேன். முதல் தடவை வெட்டும்போது, ஒவ்வொரு துண்டின் தலையிலும் கொஞ்சம் வெறும் அமைதியை விட்டுவிட்டேன். கட்டையைத் தொட்டதும் சுரம் வராமல் தயங்கியது. அலைவடிவப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து 36-இலும் அந்தத் தலையை நறுக்கினேன். ரீட் தானாகப் பேச எடுத்துக்கொள்ளும் நேரத்தை மட்டும் விட்டுவைத்தேன். கீழ்ச் சுரங்களில் அது கொஞ்சம் அதிகம். அதுதான் பெட்டியின் சுபாவம்.

வீட்டில் ஒத்திகை

லேப்டாப் பழையது. நான்கு கோர், 8 ஜிபி ரேம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12 போட்டு, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரையும், மென்பொருளிலிருந்து ஒலியை வெளியே கடத்தும் ஜாக் ஒலி சர்வரும் வைத்தேன். சத்தம் எழுப்ப ஃப்ளூயிட்சிந்த், அதை இயக்க கியூசிந்த். ஜாக்கை நிறுவும்போது நிகழ்நேர முன்னுரிமை (மற்ற வேலைகளுக்கு முன் ஒலிக்கு இடம் கொடுப்பது) வேண்டுமா என்று டெபியன் கேட்கும். ஆம் என்று சொல்லி, பயனரை அந்த உரிமை உள்ள ஆடியோ குழுவிலும் சேர்க்க வேண்டும். இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் சத்தம் வரும், ஆனால் சமயம் பார்த்துத் தடுமாறும். எதிரொலி, கோரஸ் இரண்டையும் அணைத்தேன். கொடை மேடைக்கு அவை தேவையே இல்லை.

முதல் வாசிப்பில் பெட்டிக்காரர் இடது கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கைக்கு வேலை இல்லை. "சத்தம் நம்ம பெட்டிதான். ஆனா மூச்சு இல்ல" என்றார். துருத்தியை அழுத்தியும் விட்டும் அவர் சத்தத்தை ஏற்றி இறக்கியதுதான் அந்த மூச்சு. கீபோர்டில் இருந்த லீவர் போன்ற நெம்பி ஒன்றை மிடியின் 11-ஆம் எண் கட்டுப்பாட்டுக்கு மாற்றி, இடது கையில் கொடுத்தேன். அந்த எண் வாசிப்பின் நடுவே சத்தத்தை ஏற்றி இறக்குவதற்கென்றே உள்ளது. ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன ஏற்றம் கொடுப்பது அவர் பாணி. அது திரும்ப வந்தபோது அண்ணாவி பாட்டை நிறுத்திவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்.

ஜாக் ஒலியைச் சுற்றுச் சுற்றாக அனுப்பும்; ஒரு சுற்றில் எத்தனை ஒலித்துளி (பிரேம்) என்பதைப் பொறுத்துத் தாமதம் கூடும், குறையும். அதன் அமைப்பு அப்போது நொடிக்கு 48000 துளி, சுற்றுக்கு 256 பிரேம், இரண்டு சுற்று. கணக்குப்படி வெளியே வரும் தாமதம் 10.7 மில்லி நொடி. ஹெட்போனில் கேட்டு வாசித்தபோது யாரும் குறை சொல்லவில்லை.

சித்திரைக் கொடை: பெட்டி பின்னால் வருகிறது

2024 சித்திரையில் பக்கத்து ஊர் அம்மன் கோயில் கொடையில் இந்த லேப்டாப் பெட்டி முதலில் மேடை ஏறியது. பெட்டிச் சத்தத்தை ஊரே அடையாளம் கண்டுகொண்டது. ஆனால் இறங்கியதும் அண்ணாவி சொன்னது இதுதான்: "தம்பி, பெட்டி எனக்குப் பின்னால நடந்து வருது. முன்னால நடந்தாத்தான் நான் பிடிச்சுப் பாட முடியும்."

பெட்டிக்காரரும் அதையே சொன்னார். விறுவிறுப்பான இடத்தில் குடக்காரர் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கமாகப் போகிறதாம்.

தாமதம் என்றதும் என் கை நேரே ஜாக் அமைப்புக்குப் போனது. லினக்ஸில் இசை செய்கிற யாரும் முதலில் அதைத்தான் தொடுவார்கள். 256-ஐ 128 ஆக்கினேன். அடுத்த கொடையிலும் அதே புகார். 64 ஆக்கினேன். தாமதம் 2.7 மில்லி நொடிக்கு வந்தது. வீட்டில் நான்கு மணி நேரம் வாசித்துப் பார்த்தோம், ஒரு தடுமாற்றமும் இல்லை. இதற்குக் கீழே குறைக்க ஒன்றும் இல்லை என்று நினைத்து விட்டுவிட்டேன். இந்தப் பிழைதான் ஆடியில் வந்து நின்றது.

ஆடிக் கொடை: சாமத்தில் நடந்தது

நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு சுடலைமாட சாமி கோயில். வெள்ளிக்கிழமைக் கொடை. ஆடிக் காற்று அந்தப் பக்கம் எப்படி அடிக்கும் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பந்தல் படுதா இரவு முழுக்க அடித்துக்கொண்டே இருந்தது. லேப்டாப் மேல் செம்மண் ஒரு விரல் எழுதும் அளவுக்குப் படிந்திருந்தது.

மதியக் கொடை நன்றாகப் போனது. இரவில் கதை ஏறி, சாமக் கொடை நேரத்தில் அண்ணாவி சாமியை வரவழைக்கும் பாட்டைத் தொடங்கினார். சாமியாடி எழுந்து நின்றுவிட்டார். அந்த நேரத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுக்க இரண்டு நிமிடம் ஆனது. யுபிஎஸ்ஸில் மைக் செட் ஓடியது, லேப்டாப் பேட்டரிக்கு மாறியது. சில நொடிகளில் பெட்டிச் சத்தம் கரகரக்கத் தொடங்கியது. முதலில் நடுநடுவே, பிறகு விடாமல், தகரத்தில் மண்ணை அள்ளிப் போட்டது போல.

அண்ணாவி பாட்டை விடாமல், வீசுகோலை மட்டும் உயர்த்திச் சைகை காட்டினார். மகன் மிக்ஸரில் பெட்டியின் சத்தத்தை இறக்கினான். உடுக்கை முன்னால் வந்தது. வில்லும் உடுக்கையும் குடமும் மட்டுமாக மீதிப் பாட்டு போனது. சாமி வந்தது, கொடை தடைபடவில்லை.

காலையில் அண்ணாவி கோபப்படவில்லை. "சாமி வாறதுக்கு உடுக்கு போதும் தம்பி. ஆனா பெட்டி கரகரன்னு கத்தினா ஆடுதவருக்கு மனசு சிதறும். அது நமக்கு ஆகாது" என்றார். இந்தக் குழுவுக்கு இது தொழில் மட்டும் இல்லை என்பதை அப்போதுதான் நான் முழுசாக உணர்ந்தேன். என் கடையில் ஒரு லேப்டாப் நின்றுபோவதும் அந்த நேரத்தில் நின்றுபோவதும் ஒன்றல்ல.

காரணம் தேடியது

கரகரப்புக்கான காரணம் சீக்கிரம் கிடைத்தது. நேரத்துக்குள் ஒலியைக் கணக்கிட்டு முடிக்காவிட்டால் ஜாக் அதை எக்ஸ்ரன் என்று எண்ணும். சாயங்காலத்திலிருந்து பூஜ்யமாக இருந்த அந்த எண்ணிக்கை கரண்ட் போன நிமிடத்திலிருந்து நூற்றுக்கணக்கில் ஏறியிருந்தது. பேட்டரியை மிச்சப்படுத்த நான் எப்போதோ போட்டு வைத்திருந்த டிஎல்பி என்ற மென்பொருள், பிளக் பிடுங்கியதும் ப்ராசஸரின் வேகத்தைக் குறைத்திருக்கிறது. ஃபேன் வழியில் மண் அடைத்து லேப்டாப் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. 64 பிரேமில் ஒவ்வொரு சுற்றுக்கும் 1.33 மில்லி நொடிதான் அவகாசம். வேகம் குறைந்த ப்ராசஸரால் அதற்குள் முடிக்க முடியவில்லை. வீட்டில் நான்கு மணி நேரம் சோதித்தேனே, அப்போது ஒரு தடவைகூடப் பிளக்கைப் பிடுங்கவில்லை.

256-லேயே இருந்திருந்தால் தாங்கியிருக்குமா? கடைக்கு வந்ததும் அதே மண்ணோடு, பேட்டரியில் சோதித்தேன். 64-இல் மூன்றாவது நிமிடம் கரகரப்பு. 256-இல் பேட்டரி தீரும் வரை ஒன்றும் இல்லை. ஆக, நான் குறைத்ததுதான் இயந்திரத்தை விளிம்புக்குக் கொண்டுபோனது. அப்படிக் குறைத்தும் அண்ணாவியின் புகார் தீர்ந்ததா என்றால், இல்லை.

அந்தக் கேள்விக்கு விடை மகனால் கிடைத்தது. கொடை முடிந்த காலையில், சவுண்டு சர்வீஸ்காரர் கம்பங்களை இறக்குவதற்கு முன், அவன் செல்போனைக் கீபோர்டு பக்கத்தில் வைத்து ரெக்கார்டிங் போட்டுவிட்டு, கட்டையை நகத்தால் டக்கென்று தட்டி வாசித்திருக்கிறான். 64-இல் சில தடவை, 256-க்கு மாற்றிச் சில தடவை. நகம் பட்ட சத்தத்துக்கும் ஸ்பீக்கரில் சுரம் வந்த சத்தத்துக்கும் இடைவெளியை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் அளந்தோம். 64-இல் சுமார் 41 மில்லி நொடி. 256-இல் சுமார் 49.

இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் 8. ஜாக் கணக்கும் அதேதான். அப்படியானால் மீதி எங்கே?

மேடையிலிருந்து ஸ்பீக்கர் கம்பம் 12 மீட்டர் தள்ளி நின்றது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும். 12 மீட்டருக்கு 35 மில்லி நொடி ஆகும். அண்ணாவி சொன்ன தாமதத்தில் பெரும்பங்கு லேப்டாப்பில் இல்லை, பந்தலுக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருந்த வெறும் காற்றில் இருந்தது.

பழைய பெட்டிக்கும் அதே கம்பம்தானே, அப்போது ஏன் தெரியவில்லை? பழைய பெட்டி பெட்டிக்காரரின் மடிக்கு முன்னாலேயே பாடியது. கம்பத்து ஸ்பீக்கர் ஊருக்கு. குழு கேட்டதெல்லாம் மேடையிலேயே இருந்த மரப்பெட்டியை. லேப்டாப்புக்கு மேடையில் வாய் இல்லை. அதன் சத்தம் கம்பத்துக்குப் போய்த்தான் அவர்களிடம் திரும்பி வந்தது. வீட்டில் ஹெட்போனில் வாசித்தபோது புகார் வராததும் இதனால்தான். அந்தத் துப்பு சித்திரையிலிருந்தே என் கண் முன்னால் இருந்தது. "பெட்டி பின்னால வருது" என்றபோது, "எங்கேயிருந்து வருது?" என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்க வேண்டும்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, பெட்டிக்கு ஒரு வாய் கொடுப்பது. சிறிய பவர்டு ஸ்பீக்கர் ஒன்றைப் பழைய பெட்டி இருந்த அதே இடத்தில், அதே உயரத்தில், அண்ணாவியைப் பார்த்து வைத்தோம். லேப்டாப்பின் யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸிலிருந்து (ஒலியை வெளியே எடுக்கும் பெட்டி) ஒரு வழி அந்த ஸ்பீக்கருக்கு, இன்னொரு வழி மின் இரைச்சலைத் தடுக்கும் டிஐ பாக்ஸ் வழியாக ஊர் மிக்ஸருக்கு. ஜெனரேட்டரில் ஓடும்போது வந்த ஊம் என்ற இரைச்சலும் டிஐ பாக்ஸால் போனது.

இரண்டாவது, ஜாக்கை 256-க்கே திருப்பியது. மகன் 128-இல் நிறுத்தலாம் என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 10.7 மில்லி நொடி என்பது மூன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்பதற்குச் சமம். வில்லுப்பாட்டு மேடையில் குடக்காரருக்கும் பெட்டிக்காரருக்கும் நடுவிலேயே கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் இருக்கும். அந்தத் தாமதத்தோடு அவர்கள் ஆயுள் முழுக்க வாசித்திருக்கிறார்கள். சாமத்தில் கரகரக்காமல் இருப்பதுதான் முக்கியம்.

மூன்றாவது, டிஎல்பியை நீக்கி, பிளக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ப்ராசஸர் ஒரே வேகத்தில் ஓடும்படி பூட்டினேன். வைஃபையையும் புளூடூத்தையும் முழுதாக அணைத்தேன். மூடியை மூடினால் தூங்கப் போகும் பழக்கத்தையும் எடுத்தேன். தானாக வரும் அப்டேட்டுகளை நிறுத்தினேன். அந்த லேப்டாப்பில் இனி படமும் பார்க்கக் கூடாது, பாட்டும் கேட்கக் கூடாது. சுவிட்சைப் போட்டால் ஒரு நிமிடத்துக்குள் பெட்டி தயாராக வேண்டும், வேறு எதுவும் திரையில் வரக் கூடாது.

நிகழ்நேரக் கர்னல் (அவசர வேலையை நேரத்துக்குள் முடிக்கும்படி அமைத்த லினக்ஸின் மையப்பகுதி) போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. லினக்ஸ் 6.12-இல், 2024 நவம்பரில், அது மூலக் கர்னலிலேயே சேர்ந்துவிட்டது. டெபியன் 12-லும் தனிப் பொதியாகக் கிடைக்கிறது. எங்கள் சிக்கல் அது இல்லை. 256-இல் சாதாரணக் கர்னலே தாங்கியது. மாற்றாமல் விட்டோம்.

சின்ன விஷயம் ஒன்று. அண்ணாவி நாலரைக் கட்டைச் சுருதியில் தொடங்குவார், நடுச்சாமத்துக்கு மேல் நாலுக்கு இறங்குவார். பெட்டிக்காரர் விரலை மாற்றாமல் கீபோர்டின் சுருதி மாற்றும் பொத்தானை அமுக்குவார். கட்டையைப் பிடித்தபடியே அமுக்கினால் எங்கள் கீபோர்டில் பழைய சுரம் நிற்காமல் ஒட்டிக்கொள்ளும். கட்டையை விட்டதைச் சொல்லும் மிடி செய்தி வேறு சுரத்துக்குப் போய்விடுவதே காரணம். எல்லாச் சத்தத்தையும் நிறுத்தும் 120-ஆம் எண் கட்டுப்பாட்டை ஒரு பொத்தானில் வைத்து, அதன் மேல் மஞ்சள் டேப் ஒட்டினேன்.

கடைசியாக, செல் போட்டு ஓடும் சுருதிப் பெட்டி ஒன்று எப்போதும் மேடையில் இருக்க வேண்டும் என்று அண்ணாவி சொன்னார். அது அவர் முடிவு. சரியான முடிவு.

அதன் பிறகு

மறுபடி மேடை ஏற்றுவதற்கு முன், குழு முழுவதையும் கடைக்குப் பின்னால் உட்காரவைத்து, இரவு ஒன்பதிலிருந்து விடியும் வரை ஒரு கதையைப் பாடச் சொன்னோம். நடுவில் மூன்று தடவை சொல்லாமல் பிளக்கைப் பிடுங்கினேன். எக்ஸ்ரன் எண்ணிக்கை விடியும்போது பூஜ்யம்.

ஆவணியில் இரண்டு கொடை, 2025 பங்குனி, சித்திரையில் நான்கு. ஒன்றில் கரண்ட் இரண்டு தடவை போனது. பெட்டி நிற்கவில்லை. "பின்னால் வருகிறது" என்ற பேச்சும் அதற்குப் பிறகு வரவில்லை. ஒரு கொடையில் மட்டும் யுஎஸ்பி கேபிள் யாரோ காலில் பட்டுக் கழன்று சத்தம் நின்றது. மகன் திரும்பச் சொருகி, கீபோர்டையும் லேப்டாப்பையும் ஒரே பலகையில் நூலால் கட்டிவிட்டான். இப்போது பலகையோடு தூக்கி வைப்பதுதான் வழக்கம்.

மறுபடி செய்தால்

மேடையில் யார், எங்கே உட்கார்ந்து, எதிலிருந்து கேட்கிறார்கள் என்பதை முதல் நாளே போய்ப் பார்ப்பேன். செல்போனும் நகமும் வைத்து மகன் செய்த அளவையைச் சித்திரையிலேயே செய்திருந்தால் 64-க்கு நான் இறங்கியிருக்க மாட்டேன். அளக்க ஐந்து நிமிடம்தான் ஆகும்.

பேட்டரியில் ஓட்டிப் பார்க்காத எந்தச் சோதனையையும் இனி சோதனையாக எண்ண மாட்டேன். செம்மண் பறக்கும் தேரிக் காட்டுப் பக்கம் போகும் லேப்டாப்புக்கு ஃபேன் வழியில் மெல்லிய துணி வலை கட்டி, ஒவ்வொரு கொடைக்குப் பிறகும் தட்டுவதை மகனிடம் சொல்லியிருக்கிறேன். இதே அமைப்பை நகலெடுத்த இன்னொரு வட்டும் இப்போதுதான் தயாராகிறது. அது முதல் நாளிலேயே பையில் இருந்திருக்க வேண்டும்.

பதிவிலும் ஒரு குறை பாக்கி. ஒரே அழுத்தத்தில் பதிந்ததால், நெம்பியை ஏற்றினால் சத்தம் கூடுகிறதே தவிர, துருத்தியை ஓங்கி அழுத்தும்போது ரீடில் வரும் அந்தக் கரகரத்த கனம் வருவதில்லை. மெதுவாக ஒரு தடவை, ஓங்கி ஒரு தடவை என்று இரண்டு அடுக்காகப் பதிய வேண்டும். பெட்டி இன்னும் பெட்டிக்காரர் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. டியூப் ஒட்டிய இடங்கள் மறுபடி விட்டிருக்கின்றன. ஓங்கிப் போடும் துருத்தியை அந்தத் தோல் தாங்குமா என்று அவர் இந்த மாசிக்குள் இறக்கிப் பார்த்துச் சொல்வதாக இருக்கிறார்.